தக்காளிப் புழுவும் வேலியோரச் சங்குக்கொடியும்: ஒரு தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டிக்கு முன்னாலேயே உள்ளே இறங்குகிற ஒரு ஊர். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இங்கே வேண்டாம். செவல் மண், போர் தண்ணீர், சொட்டுநீர். 40 சென்டில் தக்காளி. கார்த்திகையில் 25 சென்ட் நட்டார்கள், நாற்று பற்றாமல் போனதால் மீதி 15 சென்ட் மார்கழிக் கடைசியில்தான் நட முடிந்தது. இந்த ஒரு மாத இடைவெளி யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, ஆனால் பின்னால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பு அதுதான்.

நான் படித்தது உயிர்வேதியியல், பிழைப்பு சொட்டுநீர் அமைத்துக் கொடுப்பது. அந்தத் தோட்டத்துக்குக் குழாய் போட்டுக் கொடுத்தவன் என்கிற முறையில் மாதத்துக்கு ஒருதரமாவது போவேன், வால்வு அடைத்துக்கொண்டால் அதற்கு மேலும். தோட்டக்காரர் வீட்டில் அண்ணன், அக்கா, அண்ணனுடைய அம்மா (ஊரே அப்பத்தா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே), மகன், ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள். தோட்டத்து முடிவுகளை அண்ணன் எடுப்பதாகச் சொல்லிக்கொள்வார், எடுப்பது அக்கா.

வேலி கிளுவை வேலி. அதன்மேல் அவரையும் நீலச் சங்குப்பூவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படர்ந்திருக்கும். சங்குப்பூவைச் சிலர் காக்கணங்கொடி என்பார்கள், பழைய பெயர் கருவிளை. அடைமழை முடிந்து மார்கழியில் அது வேலியையே மூடிவிடும். பூவை அப்பத்தா சாமிக்குப் பறிப்பார், கொடியை ஆடு தின்னும். அவ்வளவுதான் அதன் மதிப்பு.

முதலில் கண்ணில் பட்டது

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா போன் செய்தார். முதல் பறிப்பிலேயே காய்ப்புழு. போய்ப் பார்த்தேன். தக்காளிக் காம்புப் பக்கம் வட்டமாக ஒரு துளை, அதில் தலையை விட்டுக்கொண்டு பின்பாதி உடம்பு வெளியே தெரிய ஒரு பச்சைப்புழு, துளையைச் சுற்றி ஈரமான எச்சம். ஹெலிகோவெர்ப்பா ஆர்மிஜெரா. துவரை, கொண்டைக்கடலை, பருத்தி, அவரை, தக்காளி என்று எதையும் விடாத புழு. ஒரு காயை முழுதாகத் தின்று முடிக்கிற நல்ல பழக்கம் கூட அதற்குக் கிடையாது, ஒன்றைக் கடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். பரவை மார்க்கெட்டில் ஓட்டை விழுந்த பழம் பெட்டியில் ஒன்றிரண்டு தெரிந்தாலே மொத்தப் பெட்டிக்கும் விலை இறங்கிவிடும்.

வேலியோரம் வந்து நின்றபோது அக்கா ஒரு விஷயத்தைக் காட்டினார். "ஏந்தம்பி, அவரைக்காய் பூராம் ஓட்டை, அதே வேலியில ஏறிக்கெடக்குற சங்குல ஒரு கடி கூட இல்ல. இது ஏன்?"

உண்மைதான். அவரையும் சங்கும் ஒரே கிளுவைக் குச்சியைச் சுற்றிக்கொண்டு, இலைமேல் இலை படிந்து கிடக்க, அவரையில் மொட்டிலிருந்து காய்வரை சேதம், சங்கின் இலை கடையில் வாங்கிய மாதிரி முழுசாக இருந்தது. இதை வைத்து உடனே எதையும் முடிவு கட்டக் கூடாது. கிளுவையைக் கூடத்தான் அந்தப் புழு தொடவில்லை. தாய்ப்பூச்சி முட்டையிடவே அங்கே போகாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் அவரை, துவரை, கொண்டைக்கடலை என்று பயறுக் குடும்பத்தையே சூறையாடுகிற புழு, அதே குடும்பத்துச் சங்கை மட்டும் விட்டுவைத்தது என் மண்டையில் பழைய பாடம் ஒன்றைக் கிளப்பிவிட்டது.

அந்தப் பாடம்

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பின்னால் எடுத்த முடிவுகள் பாதிக்குமேல் இதை நம்பித்தான்.

1960-களில் காங்கோவில் செஞ்சிலுவைச் சங்கத்து மருத்துவராகப் பணி செய்த லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வேக்காரர், அங்கே பெண்கள் பிரசவத்தைத் துரிதப்படுத்த ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கவனித்தார். ஓல்டன்லாண்டியா அஃபினிஸ் என்ற அந்தச் செடி நம்மூர்ச் சாயவேருக்குப் பங்காளி, காப்பிச் செடியின் குடும்பம். கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிற பொருள் ஒரு சின்னப் புரதம் என்று கிரான் கண்டுபிடித்தார். உள்ளூரில் அந்த மருந்தைக் கலாட்டா-கலாட்டா என்பதால் புரதத்துக்குக் கலாட்டா பி1 என்று பெயர் வந்தது (நம் காதுக்கு வேறுமாதிரித்தான் கேட்கும், என்ன செய்வது). விசித்திரம் என்னவென்றால், புரதத்தைக் கொதிக்கவைத்தால் முட்டை வெந்த கதையாக உருக்குலைந்துவிட வேண்டும், வாய்வழியாகக் குடித்தால் வயிற்றிலேயே செரித்துவிட வேண்டும். இது இரண்டுக்கும் தாக்குப்பிடித்தது.

ஏன் என்பது 1995-இல் டேவிட் கிரெய்க் குழுவினர் வடிவத்தை வரைந்து காட்டியபோது தெரிந்தது. 29 அமினோ அமிலம் (புரதச் சங்கிலியின் கண்ணிகள்), தலையும் வாலும் ஒட்டி ஒரே வட்டம். உரச்சாக்கைப் பிரித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தையலின் சரியான நுனி கையில் கிடைத்துவிட்டால் ஒரே இழுப்பில் சரசரவென்று மொத்தமும் அவிழும், நுனி கிடைக்காவிட்டால் நகத்தைத்தான் உடைத்துக்கொள்ள வேண்டும். புரதத்தைச் செரிக்கிற நொதிகளில் ஒரு கூட்டம் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றும். வட்டத்துக்கு நுனியே இல்லை.

அது போதாதென்று நடுவில் ஒரு முடிச்சு வேறு. வட்டத்தில் ஆறு சிஸ்டீன்கள் இருக்கின்றன, கந்தகம் உள்ள அமினோ அமிலம். முதலாவது நாலாவதோடும், இரண்டாவது ஐந்தாவதோடும், மூன்றாவது ஆறாவதோடும் கந்தகப் பாலம் போட்டுக்கொள்ளும். முதல் இரண்டு பாலமும் அவற்றுக்கு இடைப்பட்ட சங்கிலித் துண்டுகளும் சேர்ந்து ஒரு குட்டி வளையம் ஆகிறது, மூன்றாவது பாலம் அந்த வளையத்துக்குள் நுழைந்து போகிறது. அதனால் நடுவில் வெட்டுகிற நொதிகளுக்கும் பிடி கிடைப்பதில்லை, சூட்டில் விரிந்துகொடுக்கவும் இடமில்லை. இந்த வகைக்கு 1999-இல் சைக்ளோடைடு என்று பெயர் வைத்தார்கள். பொதுவாக 28-லிருந்து 37 அமினோ அமிலம்வரை நீளம்.

செடி இதைக் காங்கோ பெண்களுக்காகச் செய்யவில்லை. 2001-இல் கலாட்டா பி1-ஐ உணவில் கலந்து ஹெலிகோவெர்ப்பா புழுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், புழு வளரவில்லை. 2008-இல் நம் காய்ப்புழுவின் குடலையே வெட்டிப் பார்த்து, நடுக்குடலின் உள்பக்கச் செல்கள் வீங்கி வெடித்திருந்ததைக் காட்டினார்கள். புரதத்தின் ஒரு பக்கம் எண்ணெய்ப் பசைக்கு ஒட்டுகிற பக்கம். அது செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புப் படலத்தில், குறிப்பாக ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனாலமின் என்ற கொழுப்பு இருக்கிற இடத்தில் பதிந்து, பலவும் கூடிப் படலத்தில் ஓட்டை போடும். ஆக இது தின்ற பிறகு குடலில் நடக்கிற சண்டை.

சங்குக்கொடிக்கு வருகிறேன். 2011-இல் சங்குப்பூச் செடியிலும் சைக்ளோடைடு இருப்பது தெரிந்தது, அதில் சிடெர் எம் என்ற ஒன்று காய்ப்புழுவுக்கு எதிராக வேலை செய்வதும் காட்டப்பட்டது. பட்டாணி மாதிரிப் பயறுகளில் ஆல்புமின்-1 என்ற மரபணு உண்டு. சங்கில் அதே மரபணுவுக்குள், வேறொரு பூச்சிக்கொல்லிப் புரதம் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வட்டப்புரதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நீளமாகப் பிறக்கிற சங்கிலியை வட்டமாக ஒட்டுகிற நொதியையும் 2014-இல் சங்குக் காயிலிருந்தே சிங்கப்பூர்க்காரர்கள் பிரித்தெடுத்தார்கள், பியூட்டலேஸ் என்று பெயர். மலாயில் சங்குப்பூவுக்குப் புங்கா தெலாங், அதிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் சங்குக்கொடிச் சாற்றைச் செரோ-எக்ஸ் என்ற பெயரில் பருத்திக்கு விற்கவும் செய்கிறார்கள்.

இதில் கால்வாசியைத்தான் வேலியோரம் நின்று சொன்னேன். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

முதல் முடிவும் அதன் தோல்வியும்

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். பொங்கல் முடிந்து போனால் வேலை நடந்து முடிந்திருந்தது. நீலப்பூவை எல்லாம் பறித்து, அரைத்து, மாட்டுக் கோமியத்தில் மூன்று நாள் ஊறவைத்து, 25 சென்ட் தக்காளி மேல் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் அடித்திருந்தார்கள். பூவில்தானே சத்து இருக்கும் என்பது அண்ணனின் கணக்கு. கலர் இருக்கிற இடத்தில் வீரியம் இருக்கும் என்கிற எண்ணம் நம் ஆட்களுக்குப் பொதுவாகவே உண்டு, டானிக் சிவப்பாக இல்லாவிட்டால் டாக்டரைச் சந்தேகப்படுவோம்.

ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பறிப்பிலும் அதே ஓட்டை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் குழாய்க்காரன் குழாயோடு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

தக்காளியை உடைத்து உள்ளே இருந்த புழுக்களை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றும் ஒரு அங்குலத்துக்கு மேல். எங்கள் தவறு அங்கேயே கிடந்தது. தோலுக்குமேல் அடித்த சாறு தோலுக்குமேல்தான் இருந்தது, புழு உள்ளே சதையைத் தின்றுகொண்டிருந்தது. குடலுக்குள் போனால்தான் வேலை செய்யும் பொருளைக் குடலுக்குப் போகவே வழியில்லாத இடத்தில் தெளித்திருந்தோம். இன்னொன்றையும் கவனித்தேன்: தக்காளி இலையில் பொடிப்பொடியாய் மயிர் இருக்கும், ஒட்டுப்பசை சேர்க்காத சாறு அதில் முத்துமுத்தாக நின்று உருண்டு கீழே போய்விடும். இலைக்கடியில் மண்ணில் நீலக் கறை தெரிந்தது.

அண்ணன் கடைக்குப் போய் மருந்து வாங்கி அடித்தார். அது அவருடைய உரிமை, 25 சென்டும் அவர் போட்ட காசு. அதற்குள் காய்க்குள் போயிருந்த புழுவுக்கு அந்த மருந்தும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதை மட்டும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

டப்பாச் சோதனை

பின்னால் நட்ட 15 சென்ட் அப்போதுதான் பூவெடுக்க ஆரம்பித்திருந்தது. அங்கே முயற்சி செய்வதற்கு முன்னால் சின்னதாகச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். பரோட்டாக் கடையில் சால்னா கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாக்களை மகன் சேர்த்து வைத்திருந்தான், மூடியில் ஊசியால் ஓட்டை போட்டான்.

முதல் நாளே சொதப்பினோம். ஒரு டப்பாவுக்கு ஐந்து குட்டிப்புழு என்று போட்டு வைத்தால் காலையில் இரண்டு, ஒன்று என்றுதான் மிஞ்சியிருந்தது. மருந்து பலமாக வேலை செய்கிறது என்று மகன் குதித்தான். வெறுந்தண்ணீர் டப்பாவிலும் அதே கதை என்று அக்காதான் காட்டினார். இந்தப் புழு ஒன்றையொன்று தின்னும்; எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், மறந்துபோனேன். அப்புறம் டப்பாவுக்கு ஒன்று.

இந்த முறை பூ வேண்டாம், தழை. தழையை எப்படிச் சாறெடுப்பது என்பதில் அப்பத்தாவுக்கும் எனக்கும் சண்டை. எனக்குப் பச்சையாக இடித்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் போதும். அப்பத்தா, "கொதிக்காத கசாயம் என்னா கசாயம், புல்லுத் தண்ணியா?" என்றார். சரி, இரண்டும் செய்வோம் என்றேன். சண்டையைத் தீர்க்கத்தான் ஒத்துக்கொண்டேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அது அப்பத்தா கொடுத்த நல்ல சோதனை. இலைச்சாற்றில் இந்த வட்டப்புரதம் மட்டுமா இருக்கிறது? வேறு புரதங்கள், துவர்ப்புப் பொருட்கள், இன்னும் என்னவெல்லாமோ. நன்றாகக் கொதித்தால் சாதாரணப் புரதங்களில் பெரும்பாலானவை உருக்குலைந்துவிடும். கொதித்த பிறகும் வேலை செய்கிறது என்றால், சூட்டைத் தாங்குகிற ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்று அர்த்தம். அது சைக்ளோடைடுதான் என்று நிரூபணம் ஆகாது, சந்தேக வட்டம் மட்டும் சுருங்கும்.

2 கிலோ தழைக்கு 5 லிட்டர் தண்ணீர். தழையை இடிக்க மருமகள் உட்கார்ந்தபோது நான் வேண்டாம் என்றேன். அவருக்கு ஆறாவது மாதம் தொடங்கியிருந்தது. காங்கோ கதையை அப்போதுதான் முழுசாகச் சொன்னேன். அது வேறு செடி, வேறு குடும்பம், இங்கே யாரும் எதையும் குடிக்கப்போவதில்லை, சங்குப்பூவை டீயில் போட்டுக் குடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எல்லாம் சரி. ஆனால் கூடை கூடையாகத் தழையை இடித்துக் கையெல்லாம் சாறாக உட்கார்ந்திருப்பது வேறு, அதே சாதிப் புரதம் கர்ப்பப்பையைச் சுருக்கும் என்பதற்கு மருத்துவரே சாட்சியாக இருக்கும்போது துணிச்சலுக்கு இடமில்லை. அப்பத்தா ஒரு வார்த்தை பேசாமல் உலக்கையை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் எடுத்த முடிவுகளில் யாரும் எதிர்த்துப் பேசாதது இது ஒன்றுதான்.

பன்னிரண்டு டப்பா. நாலில் வெறுந்தண்ணீரில் முக்கிய தக்காளி இலை, நாலில் பச்சைச் சாறு, நாலில் கொதித்த சாறு. எல்லாவற்றிலும் பூவருகே இலையில் இருந்து எடுத்த, நூல்துண்டு மாதிரியான குட்டிப்புழு. தனியாக ஆறு டப்பாவில் காயிலிருந்து எடுத்த பெரிய புழு, அதற்குக் கொதித்த சாற்றில் முக்கிய இலை. தினமும் காலையில் அக்கா புது இலை மாற்றுவார்.

ஐந்தாம் நாள் போனேன். தண்ணீர் டப்பாக்களில் இலையில் நரம்புதான் பாக்கி, புழு ஒவ்வொன்றும் நெல்மணியைத் தாண்டிக் கொழுத்திருந்தது. பச்சைச் சாற்று டப்பாக்களில் இரண்டு செத்துக் கறுத்திருந்தன, இரண்டு உயிரோடு இருந்தும் எள்ளளவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கொதித்த சாற்றில் ஒன்று செத்திருந்தது, மற்ற மூன்றும் வளராமல் இலை ஓரத்தைக் கொறித்துவிட்டுச் சும்மா கிடந்தன. அப்பத்தா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாகலையே" என்றார். சாகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? வளராத புழுவுக்குக் காயைத் துளைக்கிற தாடை வராது. வயலில் குருவியும் எறும்பும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பெரிய புழுக்கள் ஆறும் எதுவும் நடக்காத மாதிரி தின்றன, அதில் நாலு கூட்டுப்புழுவாகவும் மாறிவிட்டது.

நாலு டப்பாவை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசக் கூடாது. ஆனால் எங்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது: மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதில் பிரயோஜனமில்லை, புழு சின்னதாக, வெளியே இலையில் இருக்கிற நாட்களைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது முடிவு

அந்த நாட்கள் குறைவு. தாய் அந்துப்பூச்சி நுனிக்குருத்து இலையிலும் பூப்பக்கமும் ஒவ்வொரு முட்டையாகத் தனித்தனியே வைக்கும், மூன்று நாலு நாளில் பொரியும், குட்டி சில நாள் இலையைச் சுரண்டித் தின்னும், அப்புறம் காய்க்குள் போய்விடும். ஆகவே இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வாங்கி நட்டோம். பொறியில் ஆண் அந்து விழ ஆரம்பித்ததும் அக்கா தினம் சாயங்காலம் பாருக்கு (ஒரு செடி வரிசைக்கு) பத்துச் செடி வீதம் நுனி இலைகளைத் திருப்பிப் பார்த்து முட்டை தேடுவார். கசகசா அளவு, வெளிர்மஞ்சள். முதல் நாள் நான் கண்ணாடி போட்டுக்கொண்டும் ஒன்று கூடக் கண்டுபிடிக்கவில்லை, அவர் ஏழு காட்டினார்.

மாசி முதல் வாரம் முட்டை கண்ட மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு முதல் தெளிப்பு. கொதிக்கவைத்து ஆறிய தழைச்சாறு, ஒட்டுப்பசைக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். கொதித்ததையே எடுத்தது அப்பத்தாவுக்காக மட்டுமில்லை, பச்சைச் சாறு மறுநாளே புளித்து நாறியது, கொதித்தது இரண்டு நாள் தாங்கியது. ஐந்து நாள் கழித்து இரண்டாவது தெளிப்பு.

மொத்தம் எட்டுப் பார். நாலில் அடித்து நாலை விட்டுவிட வேண்டும் என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. வேலை செய்கிற மருந்து என்றால் எதற்கு நாலு பாரைப் பலி கொடுக்க வேண்டும், வேலை செய்யாது என்றால் எதற்கு அடிக்க வேண்டும் என்றார். பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான். அக்கா நடுவில் வந்து, மூன்று பாரை விடுவோம், அதிலும் புழுவைக் கையால் பொறுக்கிவிடுவோம் என்று பஞ்சாயத்து செய்தார். ஆய்வு என்கிற கணக்கில் இது பெரிய ஓட்டை. குடும்பம் என்கிற கணக்கில் வேறு வழியில்லை.

டேங்க் கழுவிய தண்ணீரைக் கிணற்றிலோ ஆடு குடிக்கிற தொட்டியிலோ ஊற்றக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். பழைய கிணற்றில் மகன் கெண்டைக்குஞ்சு விட்டிருந்தான். சைக்ளோடைடு நத்தையைக் கொல்லும், ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது ஆய்வகத்தில் பார்த்த விஷயம். செடியிலிருந்து வந்ததால் சாது என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை, புழுவின் செல்லைச் சுற்றியும் மீனின் செல்லைச் சுற்றியும் இருப்பது கொழுப்புப் படலம்தான்.

என்ன ஆனது

தெளித்த பார்களில் ஒரு பெட்டிக்கு ஏழெட்டுப் பழம் ஓட்டை. தெளிக்காத மூன்று பாரில், பொறுக்கியும் கூட, பதினைந்துக்குக் குறையவில்லை. மூன்று பறிப்பில் இப்படியே வந்தது. பக்கத்து 25 சென்டில் அண்ணன் கடைமருந்தை மூன்றாவது தடவை அடித்துக்கொண்டிருந்தார், அங்கே கணக்கு எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலாவது பறிப்புக்கு முன்னால் எதிர்பாராத மழை. மாசியில் மழை பெய்தால் சந்தோஷப்பட வேண்டியவர்கள்தான், நாங்கள் வானத்தைத் திட்டினோம். இலையில் இருந்தது எல்லாம் கழுவிப் போனது, மறுபடி அடிக்க வேலியில் போதிய தழை இல்லை. ஆடுகளுக்கும் எங்களுக்கும் சேர்த்துத் தரும் அளவுக்கு அந்தக் கொடி வளரவில்லை. அந்த வாரம் பொரிந்த புழுவுக்கு என்.பி.வி. என்ற, புழுவுக்கு நோய் கொடுக்கிற வைரஸ் கரைசல் வாங்கிச் சாயங்காலம் அடித்தோம், அதுவும் புழு தின்றால்தான் வேலை செய்யும் சரக்கு, அதனால் முட்டை பார்க்கிற அக்காவின் பழக்கம் அங்கேயும் கைகொடுத்தது. வெள்ளை ஈ தனியாக வந்தது, அது எங்கள் சாறு எதையும் மதித்ததாகத் தெரியவில்லை, மஞ்சள் அட்டை கட்டினோம்.

நடுவில் ஊரில் பேச்சு பரவி, ஒருவர் பாட்டிலில் அடைத்து விற்கலாம், லேபிள் அடித்துத் தருகிறேன் என்று வந்தார். பதிவு செய்யாத பூச்சிமருந்தை விற்பது 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம், எங்கள் ஒரு குடத்துச் சாற்றில் வட்டப்புரதம் எவ்வளவு இருக்கிறது, அடுத்த குடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. இளந்தழைக்கும் முற்றின தழைக்கும் வித்தியாசம் இருக்கலாம், மழைக்கு முன்னும் பின்னும் இருக்கலாம். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இன்னொரு கிளைக்கதை. கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடையில் ஓரிதழ்த் தாமரைப் பொடி கிடைக்கும், ஆண்களுக்கு என்று சொல்லி விற்பார்கள். அதிலும் சைக்ளோடைடு இருப்பதாகப் பின்னால் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணன் அந்தப் பொடியைக் கொண்டுவந்து கரைத்து அடித்துப் பார்க்கலாமா என்றார். 15 சென்டுக்கு அந்தப் பொடி வாங்கினால் தக்காளியை நகைக்கடையில்தான் விற்க வேண்டும்.

திரும்பச் செய்தால் மாற்றுவது

வேலியில் அவரையைக் குறைத்துச் சங்கைக் கூட்டியிருக்க வேண்டும், அதுவும் புரட்டாசியிலேயே விதை போட்டு. அவரை அந்தப் புழுவுக்கு நாங்களே கட்டிக்கொடுத்த வீடு. தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்திருந்தால் தாய்ப்பூச்சி முட்டையிட அங்கே போயிருக்கும், தேடுகிற வேலையும் சுலபம். ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பக்கம் போகிற யாரைக் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள், நாங்கள் கேட்கவில்லை.

தெளிக்காத பாரில் புழு பொறுக்கியதை இப்போதும் நினைத்து நொந்துகொள்கிறேன். அதனால் எங்கள் வித்தியாசம் உண்மையில் இன்னும் பெரிதா, அல்லது அந்தப் பக்கம் முட்டையே கூடுதலாக விழுந்ததா, சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. எட்டுப் பாரையும் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடித்திருக்க வேண்டும். நாங்கள் கிழக்குப் பக்கம் ஐந்து, மேற்குப் பக்கம் மூன்று என்று பிரித்துவிட்டோம், வேலி மேற்கே இருக்கிறது, அவரையும் அங்கேதான். கொதித்த வெறுந்தண்ணீரில் பூந்திக்கொட்டையை மட்டும் கலந்து ஒரு பாருக்கு அடித்திருக்க வேண்டும், நுரை மட்டுமே குட்டிப்புழுவைத் தொந்தரவு செய்திருக்குமோ என்ற கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கும். டப்பாவிலும் இதை விட்டுவிட்டோம்.

மருமகளுக்கு வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். புரட்டாசியில் அக்கா போன் செய்து, மேற்கு வேலியில் அவரையைப் பிடுங்கிவிட்டு நெடுக்கச் சங்கு விதை ஊன்றியாயிற்று, முளைத்தும்விட்டது, ஆனால் ஆட்டை எங்கே கட்டுவது என்று கேட்டார்.